சிங்கப்பூர் வெளிச்சமும் கேமராப் பையும்

எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த நேரத்தில், எங்கே நின்று படம் எடுக்கப் போகிறீர்கள்? இதற்குப் பெரும்பாலும் உடனே விடை வருவதில்லை, ஏனென்றால் அவர்கள் பார்த்துவிட்டு வந்திருக்கும் காணொளிகள் மெகாபிக்சலிலிருந்துதான் பேச்சைத் தொடங்குகின்றன. அந்தக் காணொளிகளைச் செய்பவர்களில் பலர் குளிர்நாடுகளில் இருப்பவர்கள். அங்கே மாலை வெயில் நெடுநேரம் சாய்ந்து கிடக்கும், ஆண்டின் பெரும்பகுதி காற்றும் நம்மூரைவிட உலர்ந்திருக்கும். நாமோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 1.3 டிகிரியில் இருக்கிறோம். இந்தத் தீவின் வெயில், இருட்டு, ஈரம் மூன்றையும் கணக்கில் கொண்டால் வாங்கவேண்டியவற்றின் வரிசையே மாறிவிடுகிறது. வெளிச்சத்தைத் தாராளமாக உள்ளே விடும் லென்ஸ் முதலில், அதைப் பூஞ்சையிடமிருந்து காக்கும் பெட்டி அடுத்து, லென்ஸ் நீங்கலான கேமரா பாடி அதற்கும் பிறகு என்பது என் கட்சி.

வெயிலிலிருந்து தொடங்குகிறேன். இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பகல் 12 மணிக்கு அன்று, ஏறக்குறைய 1 மணிக்கு. 1982ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தி, கிரீன்விச் நேரத்தைவிட 8 மணி நேரம் முந்தியதாக வைத்துக்கொண்டது. அதனால்தான் காலையும் நமக்கு ஏழு மணியை ஒட்டி விடிகிறது. மார்ச், செப்டம்பர் மாதங்களின் பிற்பாதியில் சூரியன் ஏறத்தாழ நேர் தலைக்கு மேல் நிற்கும். ஜூனிலும் டிசம்பரிலும்கூட அதன் உச்ச உயரம் 65 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. பத்து மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே திறந்த வெளியில் எடுத்த முகங்களில் கண்குழி கறுத்து, மூக்கின் நிழல் உதட்டின்மேல் விழுந்து, நெற்றி மட்டும் வெளுத்துப் போவதற்குக் காரணம் இதுதான். எந்த விலைக் கேமராவாலும் அந்த நிழலை இடம் மாற்ற முடியாது. ஆனால் கோபுரத்துச் சுதைச் சிற்பங்களுக்கு இதே வெயில் மிகவும் ஏற்றது. செங்குத்தாக எழும் பரப்பின்மேல் மேலிருந்து உரசிக்கொண்டு இறங்கும் ஒளி, ஒவ்வோர் உருவத்தையும் அதன் நிழலிலிருந்து பிரித்துப் புடைப்பாகக் காட்டும். சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயில் கோபுரத்தை மேகமூட்டமான நாளிலும், வெயில் சாய்ந்து இறங்கும் முற்பகலிலும் எடுத்து அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

பகலில் முகங்களை எடுக்க விரும்புபவர்களுக்கு இந்த நகரம் ஒரு நல்ல ஏற்பாட்டை இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்து வைத்திருக்கிறது. 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டம், தெருவோரக் கட்டடங்களின் முன்னால் கூரையிட்ட தொடர் நடைவழி இருக்கவேண்டும் என்று விதித்தது. கடைவீடுகளின் முன்னே இன்றும் நாம் நடக்கும் ஐந்தடிப் பாதை அதன் வழிவந்தது. மேலிருந்து வரும் வெயிலைக் கூரை தடுத்துவிடுகிறது, தெருப்பக்கத்திலிருந்து மட்டும் மென்மையான ஒளி உள்ளே வருகிறது, உட்பக்கச் சுவர் இருண்டு பின்புலமாகிறது. ஸ்டூடியோக்காரர்கள் பெரிய துணிப்பெட்டி விளக்கு வைத்துச் செய்வதை இங்கே தெருவே இலவசமாகச் செய்து தருகிறது. முகத்தைத் தெருவை நோக்கி 45 டிகிரி திருப்பி நிற்கச் சொன்னால் போதும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளின் கீழ்த்தளத் திறந்தவெளியும் அப்படித்தான். அங்கே நடக்கும் கல்யாணங்களில் மணமக்களைத் தூண்களுக்கு உட்புறம் நிறுத்தாமல், வெளி ஓரத்திலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே நிறுத்துங்கள். கீழே வெயில் பட்ட புல்தரை இருந்தால் மட்டும் சற்று விலகி நிற்கவேண்டும், முகவாயின் அடியில் பச்சை ஏறிவிடும்.

லென்ஸின் முன் மாட்டித் திருப்பும் போலரைசர் வடிகட்டியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது வானத்தை நீலமாக்கும் கருவி என்றே பலர் வாங்குகிறார்கள். அதன் விளைவு சூரியனிலிருந்து 90 டிகிரி விலகிய திசையில்தான் மிகுதி. சூரியன் தலைக்கு மேல் இருக்கும் நம் நண்பகலில் அந்தத் திசை அடிவானத்தைச் சுற்றிய வளையமாக அமைவதால், அகலக் கோண லென்ஸில் வானம் ஒரு பக்கம் கறுத்து மறுபக்கம் வெளுக்கும் தொல்லை இங்கே குறைவு. ஆனால் நம் வானம் பெரும்பாலும் ஈரத்தால் வெண்மை பூத்திருப்பதால் நீலமும் அத்தனை ஆழமாக வந்துவிடாது. நான் அதைப் பெரும்பாலும் பயன்படுத்துவது மெக்ரிட்சி காட்டிலும் தாவரவியல் பூந்தோட்டத்திலும் இலைகளின்மேல் படிந்திருக்கும் பளபளப்பை எடுப்பதற்கு. மழைக்குப் பிறகு ஒவ்வோர் இலையும் வானத்தைப் பிரதிபலித்து வெள்ளையடிக்கும். வடிகட்டியைத் திருப்பியதும் உள்ளிருக்கும் பச்சை வெளியே வரும். ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) அளவுக்கு வெளிச்சத்தை அது தின்றுவிடும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளவேண்டும்.

மாலைக்கு வருவோம். குளிர்நாட்டு நூல்களில் வரும் பொன்மாலைப் பொழுது நமக்கு மிகவும் சுருங்கியது. சூரியன் இங்கே சாய்ந்து வழுக்கி மறைவதில்லை. ஏறக்குறைய நேர்செங்குத்தாகக் கீழே இறங்குகிறது, மணிக்கு 15 டிகிரி வீதம். மறைந்தபின் 6 டிகிரி கீழே போவதற்கு 20 நிமிடத்திற்குச் சற்று மேல்தான் ஆகும். கோடைக்கால லண்டனில் இதே தொலைவுக்கு அதைப்போல் இரு மடங்கு நேரம் பிடிக்கும். மரினா பேயில் கட்டட விளக்குகளும் வானத்தின் நீலமும் ஒன்றையொன்று விழுங்காமல் சமநிலையில் நிற்கும் நேரம் என்று பார்த்தால், மறைவுக்குப் பிந்திய 15ஆம் நிமிடத்திலிருந்து 30ஆம் நிமிடம்வரைதான். அதற்குள் இடம் தேடிக்கொண்டிருக்க முடியாது. வெளிச்சம் இருக்கும்போதே ஜூபிலி பாலத்தின் ஓரத்திலோ மெர்லயன் பக்கத்துப் படிகளிலோ முக்காலியை விரித்து, சட்டகத்தை முடிவு செய்து, ஃபோகஸைக் கையால் பூட்டிவிட வேண்டும். ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்திறனை 100, அபர்ச்சர் எனும் லென்ஸ் திறப்பை எஃப் 8 (எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது) என்று வைத்துக்கொண்டு, வானம் இருளஇருள ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை மட்டும் அரை வினாடியிலிருந்து சில வினாடிகள்வரை நீட்டிக்கொண்டே போகலாம். பாலத்தின்மேல் மக்கள் நடக்கும்போது தளம் அதிர்கிறது என்பதால் நீண்ட ஷட்டருக்குக் கரையே மேல். விளக்குகளின் ஒளி நட்சத்திரமாகச் சிதறவேண்டும் என்று விரும்புபவர்கள் எஃப் 11க்குப் போவார்கள். எனக்கு அந்த அழகில் அவ்வளவு ஈடுபாடில்லை.

இனிப் பணம் செலவாகும் இடத்திற்கு. மாலை ஏழரைக்குப் பிறகுதான் நம்மில் பலருக்குக் கேமராவை எடுக்க ஓய்வு கிடைக்கிறது; வேலை முடிந்து தேக்காவில் இறங்கும்போது இருட்டிவிடுகிறது. அப்போது கைகொடுப்பது எது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கேமராவுடன் தரும் சாதாரண ஜூம் லென்ஸை நீட்டினால் அதன் அபர்ச்சர் எஃப் 5.6. தனி 35 மி.மீ. லென்ஸ் ஒன்று எஃப் 1.8இல் திறக்கும். 5.6ஐ 1.8ஆல் வகுத்து, வருவதை அதனாலேயே பெருக்கினால் 10க்குச் சற்றுக் குறைவாக வரும். அதாவது ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சம். ஐஎஸ்ஓ 6400 தேவைப்பட்ட இடத்தில் 640 போதும். இப்போது பாடியை மாற்றிப் பாருங்கள். முழுச்சட்டக சென்சரின் (ஒளியைப் பதியும் சில்லு) பரப்பு 36க்கு 24 மி.மீ., ஏபிஎஸ்-சி சென்சரின் பரப்பு ஏறத்தாழ 23.5க்கு 15.6 மி.மீ. முன்னது பின்னதைப்போல் 2.4 மடங்குதான். ஆக, பாடியை மாற்றி முழுச்சட்டகத்திற்குப் போவதால் கிடைக்கும் ஆதாயம் ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேல். லென்ஸை மாற்றுவதால் கிடைப்பது மூன்று ஸ்டாப்புக்கும் மேல். முன்னதற்கு ஆயிரக்கணக்கான வெள்ளி, பின்னதற்குச் சில நூறு வெள்ளி. பாடியை மாற்றினால் அதற்குரிய லென்ஸ்களையும் மாற்றவேண்டிவரும் என்பதைக் கடைக்காரர் முதல் நாளே சொல்வதில்லை. கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி பாடியிலேயே இருந்தால் இதையெல்லாம் ஈடுகட்டிவிடலாம் என்று வாதிடுபவர்களும் உண்டு. அது நம் கை அசைவைத்தான் திருத்தும். எதிரே கரண்டியைச் சுழற்றி மீ கோரெங் புரட்டுபவரின் கையை அது நிறுத்தாது.

திறன்பேசியே போதாதா என்றால், பகலில் பெரும்பாலும் போதும்.

தமிழர் முகங்களை எடுப்பதில் ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. கேமராவின் ஒளிமானி தன் முன் இருப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாக எடுத்துக்கொள்ளும். வெள்ளை வேட்டி சட்டையில், வெள்ளையடித்த மண்டபச் சுவரின் முன்னே நிற்கும் கறுத்த மனிதரை அதன் முன் நிறுத்தினால், வெள்ளையைச் சாம்பலாக்கும் அவசரத்தில் முகத்தை இருட்டடித்துவிடும். நவீனக் கேமராக்கள் முகத்தைக் கண்டறிந்து அளக்கின்றன என்றாலும், சிவப்பா இருந்தால்தான் முகம் என்று நினைக்கும் பழைய புத்தி அவற்றின் தானியங்கி ஒளிர்வில் இன்னும் சற்று ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது என் அனுபவம்: முகத்தை வெளுக்கவைத்தோ சேறாக இருட்டவைத்தோ தருகிறது. நான் ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் அளவை முறையில் கன்னத்தை அளந்து, அதிலிருந்து முக்கால் ஸ்டாப் குறைத்து வைப்பேன். அப்படி வைத்தால் கறுப்பு கறுப்பாகவே, மினுமினுப்போடு இருக்கும். பிறகு சிவப்பைக் கவனிக்கவேண்டும். குங்குமம், அரக்குப் பட்டு, செவ்வந்தி மாலை எல்லாமே சிவப்புத் தடத்தை மற்றவற்றுக்கு முன்பாக நிரப்பி வழியவைப்பவை. வெளிச்சப் பரவலைக் காட்டும் சாதாரண ஹிஸ்டோகிராம் வரைபடம் பச்சைத் தடத்திற்கே அதிக எடை கொடுப்பதால் எல்லாம் நலம் என்று காட்டும், சேலையோ மடிப்பே தெரியாத ஒற்றைச் சிவப்புத் திட்டாகிவிடும். மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திரையில் வரவழைத்துக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டில் ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலத் தரவாக) எடுக்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கும் இதுவே பாதிக் காரணம். மஞ்சள் குழல்விளக்கும் நீல வானொளியும் கலந்த மண்டபத்தில், வெள்ளையை வெள்ளையாகத் தெரியவைக்கும் வெண்சமநிலையைப் பிறகு அமைதியாக உட்கார்ந்து சரிசெய்யலாம் என்பது மீதிப் பாதி.

தைப்பூசத்தில் இவையெல்லாம் ஒரே இடத்தில் வந்து கூடுகின்றன. சிராங்கூன் சாலை ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில்வரை மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. முந்தைய நள்ளிரவை ஒட்டிப் புறப்படும் பால்குடங்களில் தொடங்கி மறுநாள் காவடிகள்வரை, தெருவிளக்கு, வைகறை, உச்சிவெயில் என்று எல்லா வெளிச்சமும் வந்து போகும். விடிவதற்கு முன் எஃப் 1.8, ஷட்டர் 250இல் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ 3200 முதல் 6400 என்பது நல்ல தொடக்கம். கூட்டத்தில் லென்ஸ் மாற்ற இடமில்லை, வியர்வையும் விபூதியும் பாலும் தெறிக்கும் இடத்தில் சென்சரைத் திறக்கவும் கூடாது. முழுச்சட்டகத்தில் 35 மி.மீ., ஏபிஎஸ்-சியில் 23 அல்லது 24 மி.மீ. என்று ஒன்றைப் பூட்டிக்கொண்டு, நெருங்குவதையும் விலகுவதையும் காலால் செய்வதே நடைமுறை. அலகு குத்தும் வேளையில் முகத்தருகே ஃபிளாஷ் அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். சூழ்ந்து நின்று வேல் வேல் என்று முழங்கும் குடும்பத்தாரில் ஒருவரைப் பார்த்து, எடுக்கலாமா என்று கண்ணாலேயே கேட்டால்கூடப் பெரும்பாலும் தலையசைப்பார்கள், அசைக்காவிட்டால் நகர்ந்துவிடலாம். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் தீபாவளிக்கு முன் நடக்கும் தீமிதிக்கு நிலைமை வேறு. அங்கே நெருங்க வழியில்லாததால் 70-200 மி.மீ. போன்ற நீண்ட லென்ஸ் வேண்டும். கோயிலுக்குள் எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது என்பதை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வதும் நல்லது.

தீபாவளிக் காலத்தில் சிராங்கூன் சாலையின் அலங்கார விளக்கு வளைவுகளை எடுத்துவிட்டு, படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுந்திருக்கின்றன, சென்சர் கெட்டுவிட்டதா என்று கேட்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு. சென்சர் கெடவில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் வினாடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. மின்னணு ஷட்டர் சென்சரை ஒரே கணத்தில் படிப்பதில்லை, மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. விளக்கு இறங்கும் நேரத்தில் படிக்கப்பட்ட வரிகள் கறுத்துவிடுகின்றன. சத்தமில்லாமல் எடுக்கலாம் என்று மின்னணு ஷட்டரை இயக்கிவைத்து மறந்துவிடுபவர்களுக்கே இது அதிகம் நேர்கிறது. இயந்திர ஷட்டருக்கு மாறி, வேகத்தை 100இல் ஒரு பங்காகவோ 50இல் ஒரு பங்காகவோ வைத்தால் அந்தப் பட்டைகள் மறைந்துவிடும். அதைவிட வேகம் தேவை என்றால், விளக்கு உச்சத்தில் இருக்கும் கணத்திற்காகக் காத்து ஷட்டரை விடும் மினுக்கல் தடுப்பு வசதி உதவும். கேனன் 2014இல் 7டி மார்க் 2இல் அதைக் கொண்டுவந்தது, இப்போது பல கேமராக்களில் இருக்கிறது. எண்மத் திரைகளும் சில அலங்கார எல்இடிகளும் வேறு அலைவெண்ணில் மினுக்குவதால் அவற்றுக்கு ஷட்டரைச் சிறுசிறு படிகளாக மாற்றிப் பார்ப்பதே வழி. 2023இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 3 சென்சர் முழுவதையும் ஒரே கணத்தில் படித்துவிடுவதால் அதில் பட்டை விழாது, ஆனால் தீபாவளி விளக்குக்காக அதை வாங்குவது அதிகப்படி.

பறவைகளுக்கு மட்டும் என் பொதுவிதி சற்று வளைந்துகொடுக்கும். சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் செப்டம்பர் முதல் மார்ச்வரை கிழக்காசிய ஆஸ்திரலேசிய வலசைப் பாதையில் வரும் பவளக்காலிகளும் உப்புக்கொத்திகளும் சேற்றில் இரை தேடும். நிற்கும் இடத்திலிருந்து அவை தொலைவில் இருப்பதால் 400 மி.மீ. இல்லாமல் பெரிதாக ஒன்றும் தேறாது. இங்கே ஏபிஎஸ்-சி சென்சர் குறையன்று, அனுகூலம்: 400 மி.மீ. லென்ஸ் முழுச்சட்டகத்தின் 600 மி.மீ. கோணத்தைத் தந்துவிடும். எடையையும் பார்க்கவேண்டும். சோனியின் 200-600 மி.மீ. லென்ஸ் இரண்டு கிலோவுக்கும் மேல். கேனனின் ஆர்எஃப் 100-400 மி.மீ. 635 கிராம். முன்னதன் தரம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் 32 டிகிரி வெயிலில் கிராஞ்சிப் பேருந்து நிறுத்தத்திலிருந்து சுமந்து நடப்பவருக்கு, வீட்டில் விட்டுவரத் தோன்றாத லென்ஸே பயன்படும் லென்ஸ். பறக்கும் பறவைக்கு ஷட்டர் 1600இல் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது; கிளையில் அமர்ந்த மீன்கொத்திக்கு 250இல் ஒரு பங்கு தாராளம். ஆனால் மெக்ரிட்சி போன்ற அடர்காட்டினுள் நண்பகலிலும் தரைக்கு வரும் வெளிச்சம் சொற்பம் என்பதால் ஐஎஸ்ஓ எகிறத்தான் செய்யும், அதற்கு அஞ்சி ஷட்டரைக் குறைக்காதீர்கள். குருணை தெரியும் கூர்மையான படத்தை மென்பொருளில் தேற்றிவிடலாம், அசைந்த படத்தைத் தேற்ற இயலாது. பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடித்துப் பின்தொடரும் ஃபோகஸ் 2020 வாக்கில் பரவத் தொடங்கியது. பாடிக்குப் பணம் கொடுக்கத் தகுந்த ஒரே வசதி என்று நான் ஒப்புக்கொள்வது அதைத்தான். சேற்றுநிலத்தின்மேல் வெப்ப அலை எழத் தொடங்கும் பத்து மணிக்குப் பிறகு எந்த லென்ஸும் மங்கலாகவே காட்டும் என்பதால் காலை ஏழரைக்கே போய்விடுவது நல்லது. உபின் தீவில் இருவாச்சியை நெருங்கவைக்கப் பழம் நீட்டுபவர்களுக்கு ஒரு தகவல்: 2020 ஜூன் முதல் காட்டு விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் உணவளிப்பது சிங்கப்பூர் முழுவதிலும் சட்டப்படி குற்றம்.

இப்போது ஈரம். நம் காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஆண்டுச் சராசரியில் 80 விழுக்காட்டுக்கும் மேல், விடியற்காலையில் 90ஐத் தாண்டும். ஏறக்குறைய 60 விழுக்காட்டுக்கு மேல் நீண்ட நாள் இருக்கும் லென்ஸில் பூஞ்சை முளைக்க வாய்ப்பு மிகுதி. இருட்டும் காற்றோட்டமின்மையும் சேர்ந்தால் இன்னும் விரைவு. கேமரா வாங்கும்போது கூடவே தரும் அழகிய துணிப்பை இந்த மூன்றையும் ஒருங்கே வழங்கும் இடம். கண்ணாடியின்மேல் வலைபோல் படரும் பூஞ்சையின் இழைகள் சுரக்கும் அமிலம் பூச்சை அரித்துவிட்டால், துடைத்தாலும் தழும்பு போகாது. ஆகவே இந்த ஊரில் உள்ளே ஈரத்தைக் குறைத்துவைக்கும் டிரை கேபினட் என்பது ஆடம்பரமில்லை, லென்ஸின் விலையிலேயே சேர்த்துப் பார்க்கவேண்டிய செலவு. 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்தால் போதும். 30க்குக் கீழே இறக்கினால் பூஞ்சைக்கு இன்னும் கேடுதானே என்று சிலர் இறக்குகிறார்கள், ரப்பரும் மசகும் காய்ந்துபோக அது வழிசெய்யும். அத்தனை பணம் இல்லையென்றால் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, சிலிகா ஜெல், சிறிய ஈரமானி ஆகிய மூன்றும் அதே வேலையைச் செய்யும், ஆனால் ஜெல் நிறம் மாறியதும் சூடுகாட்டி உலர்த்தும் பொறுப்பு உங்களுடையது. தாத்தா வாங்கிவைத்த பழைய லென்ஸ் ஏதாவது வீட்டில் இருந்து, அதில் ஏற்கனவே பூஞ்சை இருந்தால், அதை மற்றவற்றுடன் வைக்காமல் தனியே வைக்கவேண்டும் என்பது இங்குள்ள பழகிய கைகள் பலரும் சொல்லும் அறிவுரை. பூஞ்சை வித்துகள் காற்றிலேயே இருக்கின்றன, தனியே வைத்து என்ன பயன் என்று எதிர்வாதமும் உண்டு. தனியே வைப்பதால் இழப்பது ஒரு டப்பாதான் என்பதால் நான் முன்னவர்கள் பக்கம்.

கேபினட்டை எந்த அறையில் வைப்பது என்பதும் முக்கியம். சிங்கப்பூர்க் காற்றின் பனிநிலை ஏறத்தாழ 24 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எந்தக் கண்ணாடி வெளியே வந்தாலும் அதன்மேல் நீர் படியும். இரவெல்லாம் 22 டிகிரியில் ஏர்கான் ஓடும் படுக்கையறையிலிருந்து எடுத்துக்கொண்டு கீழே இறங்கினால் லென்ஸ் பனித்துவிடுவது அதனால்தான். கேபினட்டைக் கூடத்தில், ஏர்கான் இல்லாத இடத்தில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இராது. பேரங்காடியிலோ எம்ஆர்டி ரயிலிலோ நெடுநேரம் குளிர்ந்த கேமராவை, பையின் ஜிப்பைத் திறக்காமல் வெளியே அரை மணி நேரம் வைத்திருந்து பிறகு எடுங்கள். பனித்துவிட்டால் துடைத்துத் துடைத்துப் பார்ப்பது வீண், கண்ணாடி சூடேறும்வரை மீண்டும் படியும். அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றினால் சென்சர்மேலும் படியும்.

மழையைப் பொறுத்தவரை, ஈரக்காப்பு உண்டு என்று விளம்பரத்தில் எழுதியிருந்தாலும் நீர் புகுந்த கேமராவுக்கு உத்தரவாதம் கிடைப்பது அரிது என்பதால் பையில் ஒரு குளியல் தொப்பியைப் போட்டுவைப்பது நல்லது, பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், அவ்வளவுதான். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை வழக்கம். மின்னலை எடுக்கத் திறந்த வெளிக்குப் போகவே வேண்டாம். உயரமான அடுக்குமாடியின் பொது நடைவழியில் கூரைக்கடியில் முக்காலியை உள்தள்ளி வைத்து, ஐஎஸ்ஓ 100, எஃப் 8, சில வினாடி ஷட்டர் என்று தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருந்தால் ஏதாவது ஒன்றில் விழும்.

கடைசியாகப் பழைய பொருள் வாங்குவது. 9 விழுக்காடு பொருள் சேவை வரியுடன் புதிது வாங்குவதைவிட, சிட்டி ஹால் நிலையத்தருகே பெனின்சுலா பிளாசாவிலும் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரிலும் உள்ள கடைகளில் பழையதைத் தேடுவது எனக்குப் பிடித்த வேலை. உள்ளே ஆடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களின் அலையில், ஆடி உள்ள டிஎஸ்எல்ஆர்கள் விலை இறங்கிக் கிடக்கின்றன. 2014இல் வந்த நிக்கான் டி750 இன்றும் 24 மெகாபிக்சல் முழுச்சட்டகக் கேமராதான், அதற்கு ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 சேர்த்தாலும் புதிய நடுத்தர மிரர்லெஸ் ஒன்றின் விலையில் ஒரு பகுதிக்குள் முடிந்துவிடும். ஆனால் இது ஈரம் தின்ற ஊர் என்பதை மறந்து வாங்கக்கூடாது. கைப்பேசி விளக்கை எரியவிட்டு, அபர்ச்சரை முழுதும் திறந்து, லென்ஸின் பின்பக்கத்திலிருந்து சாய்வாக ஒளியைச் செலுத்தி முன்பக்கத்தில் பாருங்கள். பிறகு திருப்பிப் பிடித்தும் பாருங்கள். தூசிப் புள்ளிகள் இருந்தால் பொருட்படுத்தவேண்டாம், நூலிழைபோல் கிளைத்திருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம். பால் கலந்ததுபோல் உள்ளே மங்கியிருந்தாலும் விட்டுவிடுங்கள், எதிர்வெயிலில் படம் முழுக்க வெளுக்கும். பாடியின் ரப்பர் பிடி வெள்ளை பூத்தோ பிசுபிசுத்தோ இருந்தால் அது கேபினட்டைக் கண்டறியாதது என்று பொருள். ஷட்டர் எண்ணிக்கையைக் கேளுங்கள், நடுத்தரக் கேமராக்களின் ஷட்டர் பெரும்பாலும் 100,000 முதல் 200,000 தடவைக்கு எனக் கணக்கிட்டுச் செய்யப்படுகிறது. உங்கள் அட்டையைப் போட்டு, வளாகத்துக்கு வெளியே வந்து எதிர்க்கட்டடத்தின் நேர்ச்சுவரை எஃப் 1.8இல் ஒரு படம் எடுத்து நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் குழைந்திருந்தால் லென்ஸ் எங்கோ விழுந்து எழுந்தது. பிறகு எஃப் 16க்கு மாற்றி வெறும் வானத்தை எடுங்கள். சென்சர்மேல் இருக்கும் தூசியெல்லாம் கறுப்புப் புள்ளிகளாக வரும். அதைச் சுத்தம் செய்வது எளிது, செலவும் குறைவு. ஆகவே அந்தப் புள்ளிகளைக் கடைக்காரரிடம் காட்டி, தயங்காமல் ஐம்பது வெள்ளி குறைத்துக் கேட்கலாம்.